கை தூக்காதவன்

டைம் ஆபீஸ் தாமோதரன் ஸ்கெலட்டன் லைன் என்கிற கூலிக் குடிசை வரிசைகளில் பெரிய மனுஷன் ஆவதற்கு முன்னால் வெறும் டிராலி தாமோதரனாகத்தான் இருந்தான். பூமிக்குக் கீழே ஆயிரம் அடியில், இடுப்பில் ஒரு துண்டும் தலையில் முண்டாசுமாக, உடைத்துப் போட்ட கல்லை டிராலியில் அள்ளி, மேலே தூக்குகிற கேஜ் கூண்டு வந்து நிற்கிற இடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு வருவது அவன் வேலை. குடியாத்தத்துப் பக்கம் மழை பொய்த்த ஒரு வருஷம், பத்தொன்பது வயதில் கோலார் தங்க வயலுக்கு வந்தவன். வந்து ஏழு வருஷத்தில் அவன் வெயிலை நிதானமாகப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். வெயிலுக்கு ஏங்குகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று வட ஆற்காட்டில் போய்ச் சொன்னால் வாயால் சிரிக்க மாட்டார்கள். ஆனால் தாமோதரன் ஏங்கினான்.

அடுத்த வீட்டு ஜெயகரனுக்கு அந்த ஏக்கம் இல்லை. அவனுக்கு உத்தியோகமே ஜன்னலோரம். கம்பெனி ஸ்டோரில் மெழுகுவர்த்தியும் திரியும் பாதரசமும் எடுத்துக் கொடுத்துச் சீட்டு எழுதுகிற வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கிராப்புத் தலை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பென்சில். இரண்டு வீட்டுக்கும் நடுவே மூங்கில் தட்டிதான் சுவர் என்பதால் அவன் சாயங்காலம் உட்கார்ந்து இங்கிலீஷ் வாசிப்பது தாமோதரன் வீட்டில் தெளிவாகக் கேட்கும். தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வாசிப்பான். எங்கேயும் தடுக்காது. தாமோதரன் சோற்றைப் பிசைந்துகொண்டு, எப்போதடா தடுக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவன் பெண்சாதி மங்கம்மா எரிகிற அடுப்பில் இன்னும் ஒரு சுள்ளியைத் தள்ளுவாள்.

"இன்னாயா, அந்த ஆளுக்கும் உன் வயசுதானே ஆவுது? அவரு சட்டை போட்டுக்கினு போறாரு, அதே சட்டையோட வராரு. நீ போம்போது ஒரு கலரு, வரும்போது ஒரு கலரு."

"அவன் வேதக்காரன். வெள்ளைக்காரன் சாமியைக் கும்பிட்டா வெள்ளைக்காரன் பாஷை தன்னால வரும்."

"அப்ப ராத்திரி பள்ளிக்கூடத்துக்கு நீ எதுக்குப் போற? கோயிலுக்கே போயேன்."

தாமோதரன் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போவான்.

அந்தப் பள்ளிக்கூடம் பர்னபாஸ் வாத்தியார் நடத்தியது. ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக ஜெப வீட்டுப் பின்கட்டில் ராத்திரி ஒரு மணி நேரம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பார். ஆரம்பத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். ஒரு வருஷத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். தாமோதரன் ஒருவன். இவனோடு டிராலி தள்ளுகிற ராஜப்பா ஒருவன். அவன் வந்தது படிக்க அல்ல, வீட்டில் இருக்கப் பிடிக்காமல். மூன்றாவது ஆள் ஜெயகரன். நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு அங்கே என்ன வேலை? இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ள வந்தானாம். பந்தியில் வயிறு நிறையச் சாப்பிட்டவன் மறு பந்தியிலும் வந்து உட்கார்ந்தால் பசியோடு நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும்? தாமோதரனுக்கு அப்படி இருந்தது.

இத்தனைக்கும் ஜெயகரன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் தாமோதரன் நிம்மதியாக வெறுத்திருப்பான். அவனோ தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுவான், கேட்காமலே சொல்லுவான், தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொல்லுவான். அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் பூமிக்குள் இறங்குகிற புது ஷாஃப்ட் ஒன்றுக்கு டைம் ஆபீஸ் கட்டி முடித்தார்கள். அங்கே ரைட்டர் ஒருவன் வேண்டும். எத்தனை ஆள் இறங்கினான், எத்தனை ஆள் ஏறினான், வராதவன் ஏன் வரவில்லை என்பதையெல்லாம் இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதி, தினம் காலையில் மேலதிகாரி டக்ளஸ் துரை முன்னால் நின்று சொல்லவும் வேண்டும். ஆபீசுக்கு இரண்டு ஜன்னல். இரண்டும் கிழக்குப் பார்த்தவை. கொத்தனார் ஜன்னல் வைத்த அன்றைக்கே தாமோதரன் போய் அதன் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

டக்ளஸ் துரை கோபக்காரர். அந்த வேலைக்கென்று முன்பு வந்த நாலு பேரும் அவர் முன்னால் நின்று ஒரே பாடத்தை ஒப்பித்தார்கள். பசு ஒரு வீட்டு மிருகம், அதற்கு நான்கு கால்கள், இரண்டு கொம்புகள், அது பால் கொடுக்கும். நாலாவது ஆள் நாலாவது காலுக்கு வருவதற்குள் துரை மேசையைக் குத்தினாராம். பர்னபாஸ் வாத்தியாரைக் கூப்பிட்டுவிட்டு, "இனிமேல் எவனாவது பசுவைப் பற்றிப் பேசினால் அவனையும் பசுவையும் சேர்த்து ஷாஃப்டில் இறக்குவேன். உன் பிள்ளைகளை மதராஸுக்கு அனுப்பு. அங்கே மியூசியம் இருக்கிறது. சிலையும் சித்திரமும் பார்த்துவிட்டு வந்து, பார்த்ததை எனக்குச் சொல்லட்டும். மனப்பாடம் வேண்டாம்," என்று சொல்லியனுப்பினார்.

வாத்தியார் வந்து சொன்னதும் மூன்று முகமும் மூன்று விதமாக மாறின. ராஜப்பா, "எனுக்கு வேலை வேணாம் வாத்தியாரே, மதராஸ் பாத்தா போதும்," என்றான். ஜெயகரன் உடனே பென்சிலை எடுத்தான். தாமோதரன் அந்தப் பென்சிலையே பார்த்தான். ஸ்டோரில் உட்கார்ந்திருப்பவன் இந்த வேலைக்கும் போட்டிக்கு வருவான் என்று அவன் நினைத்தும் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் கேட்டேவிட்டான். "ஏண்டா ஜெயகரா, உனுக்குத்தான் மேல வேலை கீதே. இதுக்கு ஏன் வர்ற?"

"ஸ்டோர்ல இன்னாடா தாமு கீது, மெழுகுவர்த்தி எண்ணிக்கினே கிழவனாயிடுவேன். டைம் ஆபீசுன்னா துரைங்களோட பேசலாம். பேசிப் பேசித்தானே பாஷை வரும்?"

இவனுக்கு வெயில் வேண்டும், அவனுக்குப் பேச்சு வேண்டும். இருக்கிறவனுக்குத்தான் கடவுளும் மேலே மேலே கொடுப்பார் என்று தாமோதரன் மனசுக்குள் சபித்துக்கொண்டு நடந்தான்.

கிறிஸ்துமஸுக்குச் சுரங்கத்தில் லீவு விட்டார்கள். மூன்று பேரும் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பங்காருபேட்டையில் வண்டி மாறி, காலையில் மதராஸில் இறங்கினார்கள். மதராஸ்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். மிருகங்களைக் கூண்டில் வைத்திருக்கிற இடம் உயிர்க் காலேஜ். ஜட்காக்காரன், "எந்தக் காலேஜ், செத்ததா, உயிரா?" என்று கேட்டதும் ராஜப்பா அலறினான். "யப்பா, நாங்க சாவறதுக்குத் தினமும் எறங்கறோம், இங்க வந்துமா?" என்றான். ஜெயகரன்தான் விளக்கி, வழி சொல்லி, எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்த்தான். எல்லாவற்றையும் அவனே செய்தான்.

உள்ளே போனார்கள். கிருஷ்ணா நதிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கல் பலகைகள் சுவர் நெடுக நின்றன. ஒரு பலகையில் யானை ஒன்று மதம் பிடித்து ஓடுகிறது. சனங்கள் மாடியிலிருந்து பார்க்கிறார்கள். ஒருத்தி பயந்து பக்கத்தில் நிற்பவன் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். தாமோதரன் கல்லை அறிந்தவன். எந்தக் கல் எங்கே பிளக்கும் என்பது அவன் உள்ளங்கைக்குத் தெரியும். கல்லை அள்ளியே பழகிய அந்தக் கை, இதைச் செதுக்கியவன் ஒரு தட்டுக்கூடத் தப்பாகத் தட்டவில்லை என்று கண்டுகொண்டது. அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. தமிழில் இருந்தது.

அடுத்த அறையில் செப்புச் சிலைகள். ராஜப்பா முண்டாசை அவிழ்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பூசாரி எங்கபா? வெளக்குகூட ஏத்தாம வுட்டுக்கீறானுங்களே," என்று காவல்காரனைக் கேட்டான். தஞ்சாவூர்ப் படங்கள், யானைத் தந்தப் பெட்டிகள், ராஜாக்களின் வாள்கள், கூரையளவு நீண்ட திமிங்கில எலும்பு. ஜெயகரன் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தான். ஒரு கண்ணாடிப் பெட்டியில் கோலார்க் கல் ஒன்று இருந்தது. உள்ளே தங்கம் ஓடின வெள்ளைக் கல். அங்கேதான் அதிக நேரம் நின்றான்.

"தாமு, இது நம்ம ஊருக் கல்லுடா! இத்தினி நாளா ஸ்டோர்ல குந்திக்கினு கீறேன், கல்லு எப்படி கீதுன்னு இப்பத்தான் பாக்கறேன்."

"நான் தினமும் பாக்கறேன்," என்றான் தாமோதரன்.

மறுபடி யானைப் பலகைக்கு வந்தபோது, ஒரு வெள்ளைக்கார அம்மாள் அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தாள். ஜெயகரன் எட்டிப் பார்த்தான். அவள் திரும்பி ஏதோ கேட்டாள். அவன் சொன்னான். அவள் சிரித்தாள். அப்புறம் இருவரும் பழகின சினேகிதர்கள் மாதிரி பேசினார்கள். அவள் தான் வரைந்ததைக் காட்டினாள்; அவன் பலகையைக் காட்டி ஏதோ திருத்தம் சொன்னான், அவள் தலையாட்டிக்கொண்டு அழித்து வரைந்தாள். பிறகு தாமோதரனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். அவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. இந்தக் கல்லைப் பார்த்து உனக்கு என்ன தோன்றுகிறது என்றுதான் கேட்டாள். பதில் நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது. "யெஸ் மேடம்," என்றான். அவள் காத்திருந்தாள். "யெஸ் மேடம்," என்றான் மறுபடியும்.

"அவனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அவன் கல்லோடு பிழைக்கிறவன்," என்று ஜெயகரன் இங்கிலீஷில் அவனுக்காகச் சொன்னான்.

தாமோதரனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. சொல்ல வேண்டியதைத்தான் ஜெயகரன் சொன்னான். தப்பாகச் சொல்லியிருந்தாலாவது மன்னித்திருக்கலாம்.

வெளியே வரும் வாசலில்தான் அந்தக் கூத்து நடந்தது. சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து மேலே வருகிறவன் யாரும் நேராக வீட்டுக்குப் போக முடியாது. வாசலில் சோதனைக் கொட்டகை இருக்கிறது. துண்டை உதற வேண்டும், முண்டாசை அவிழ்க்க வேண்டும், குடுமியைப் பிரித்து விட வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். துளித் தங்கம் ஒட்டிக்கொண்டு போகிறதா என்று காவல்காரன் தடவிப் பார்த்துப் போ என்றால்தான் போகலாம். ஏழு வருஷம் தினம் தினம் செய்தால் மனசைக் கேட்காமல் உடம்பே செய்யும். மியூசியத்து வாசலில் காக்கி உடுப்பும் பித்தளை வில்லையுமாக ஒரு சேவகன் நின்றான். அவனைக் கண்டதும் தாமோதரனும் ராஜப்பாவும் வரிசையாக நின்றார்கள். முண்டாசு அவிழ்ந்தது. குடுமி பிரிந்தது. நான்கு கைகள் மேலே போயின. இரண்டு வாய்கள் ஆவென்று திறந்தன.

சேவகன் திகைத்துப் போனான். பின்னால் வந்த கூட்டம் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு கிழவி, "ஐயோ பாவம், கிறுக்குப் புடிச்சிருக்கு," என்று உச்சுக்கொட்டினாள்.

ஜெயகரன் கை தூக்கவில்லை. ஸ்டோர்காரர்களுக்கு அந்தச் சோதனை கிடையாது. நம்பிக்கையானவர்கள் என்று வேறு வாசலில் விட்டுவிடுவார்கள். அவன் பாட்டுக்கு நேராக வெளியே நடந்து, திரும்பிப் பார்த்து, ஓடிவந்தான். சிரிக்கவில்லை. படம் வரைந்த அம்மாளும் அப்போது பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். அவளிடம் இங்கிலீஷில் விளக்கிச் சொன்னான். இவர்கள் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்பவர்கள், இது அங்கே வழக்கம், தவறாக நினைக்க வேண்டாம். அவள் கண் கலங்கித் தாமோதரனைப் பார்த்தாள். கூட்டத்தின் சிரிப்பைக்கூடப் பொறுத்திருப்பான். அந்தக் கலங்கின கண்ணைப் பொறுக்க முடியவில்லை.

ரயிலில் ராஜப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தாமோதரன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். ஜெயகரன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவன் மடியில் வைத்தான்.

"தாமு, யானைப் பலகையைப் பத்தி எல்லா வார்த்தையும் இதுல எழுதிக்கீறேன். அதை நீயே துரைகிட்ட சொல்லு. நான் தொடமாட்டேன். நான் செப்புச் சிலையைச் சொல்லிக்கிறேன்."

இருந்ததிலேயே நல்லதை அவன் விட்டுக்கொடுத்தான். பிச்சை போடுகிறான் என்று தாமோதரன் நினைத்தான். ஆனால் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். அதையும் சொல்ல வேண்டுமல்லவா?

ஜனவரி முதல் வாரத்தில் துரை கூப்பிட்டார். முதலில் ஜெயகரன் உள்ளே போனான். வராந்தாப் பெஞ்சில் தாமோதரன் உட்கார்ந்து யானையை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே துரை சிரித்தார். டக்ளஸ் துரை சிரித்து அந்த வராந்தா கேட்டதே இல்லை. தாமோதரனின் யானைக்கு முதலில் தும்பிக்கை மறந்தது, பிறகு கால்கள், பிறகு அதைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் முழுவதும் மறந்துபோயிற்று.

ஜெயகரன் வெளியே வந்து அவன் தோளைத் தட்டினான். "பயப்படாத. நல்ல மூடுல கீறாரு."

உள்ளே போய் நின்றான். துரை கேட்டார். இவன் வாயைத் திறந்தான். யானை என்றான். கல் என்றான். பெரிய கல் என்றான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. துரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இரக்கமாகவே சொன்னார். "உன் சினேகிதன் சொன்னான். யானைச் சிற்பத்தை நீதான் எல்லாரையும்விட நன்றாகப் பார்த்தாய், நீயே சொல்வாய் என்று."

இங்கேயும் அவன் எனக்காகப் பேசிவிட்டுப் போயிருக்கிறான்! தாமோதரனுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. அறுந்ததும், இத்தனை நாள் கெஞ்சியும் வராத இங்கிலீஷ் கடகடவென்று வந்தது.

"சார், நாங்கள் வெளியே வந்தோம். வாசலில் காவல்காரன் நின்றான். நான் கை தூக்கினேன். ராஜப்பா கை தூக்கினான். ஜெயகரன் கை தூக்கவில்லை."

துரை பேனாவைக் கீழே வைத்தார். "மியூசியத்தில் சோதனை கிடையாதே, அப்பா."

"ஆமாம் சார். எங்கே சோதனை உண்டு, எங்கே சோதனை இல்லை என்று அவனுக்குத் தெரியும்."

துரையின் முகத்தில் இருந்த இரக்கம் போய்விட்டது. அந்த இடத்தில் கவனம் வந்து உட்கார்ந்தது. ஒரு துரை தன்னை அப்படிக் கவனித்துக் கேட்பது தாமோதரனுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கேட்கக் கேட்கப் பேச்சு வந்தது. "அங்கே கண்ணாடிப் பெட்டியில் நம் ஊர்த் தங்கக் கல் இருந்தது சார். அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். நோட்டில் எழுதினான். ஸ்டோரில் பாதரசம் அவன் கையில் இருக்கிறது. ஸ்டோர் வாசலிலும் சோதனை கிடையாது." ஒரு வார்த்தை பொய் இல்லை. வேண்டுமானால் சாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யலாம். பாதரசம் எதற்கு என்று சுரங்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்; திருட்டு மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்க அதைத்தான் தேடுவார்கள். கம்பெனியில் திருட்டு போகாத மாசம் இல்லை.

துரை எழுந்து ஜன்னலண்டை போய் நின்றார். அப்புறம், "உனக்கு நன்றாகப் பேச வருகிறதே. ஏன் முதலில் பேசவில்லை?" என்று கேட்டார். பிறகு, "டைம் ஆபீசுக்கு இப்படிப் பார்க்கத் தெரிந்தவன்தான் வேண்டும்," என்றார்.

ஒரு வாரத்தில் தாமோதரன் சட்டை தைத்துக்கொண்டான். அதே வாரம் ஜெயகரனுக்கு ஸ்டோரில் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். காரணம் எழுதவில்லை. கம்பெனிகள் கேட்கிற வழக்கம் உண்டு, சொல்கிற வழக்கம் இல்லை. முதல் இரண்டு நாள் தாமோதரனுக்குச் சோறு இறங்கவில்லை. துரை எங்கேயாவது வாய் விட்டுவிடுவாரோ என்கிற பயம்தானே தவிர வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் வந்து விழுந்தது. அவன் இரண்டு கையையும் அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டான்.

மங்கம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தண்ணீர்க் குழாயில் ஜெயகரன் பெண்சாதி நேசமணியிடம், "எல்லாம் நேரம் நேசமணி, உங்க ஊட்டுக்காரருக்கும் ஏதாவது வழி பொறக்கும்," என்று ஆறுதல் சொன்னாள். அடுத்தவளுக்கு ஆறுதல் சொல்கிற இடத்துக்கு வந்துவிட்டோம் என்கிற சுகம் அவள் குரலில் கேட்டது.

தட்டிக்கு அந்தப் பக்கம் வாசிப்பு நின்றுபோயிருந்தது. தாமோதரனுக்கு முதலில் அந்த அமைதி இதமாக இருந்தது. சில நாளில் ஜெயகரன் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். அதே வெள்ளைச் சட்டை. பையில் அதே பென்சில்.

"தாமு, துரை மேசைக்கு நீதானே தினமும் போற? இந்த மனுவை அவர் கையில குடுத்துடறியா? ஆபீசுல குடுத்தா வாங்கமாட்டேங்கறாங்கடா."

"குடு, குடுத்துடறேன்."

"நான் இன்னா தப்பு பண்ணேன்னு ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்க. அது தெரிஞ்சா போதும்."

"கேக்கறேன்."

அவன் போனதும் தாமோதரன் மனுவைப் பிரித்தான். இரண்டு பக்கம். கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. என் குற்றம் இன்னதென்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன், தெரியாத குற்றத்தை எப்படிச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவேன், என் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன் என்று எழுதியிருந்தான். எழுத்து முத்து முத்தாக இருந்தது. தாமோதரன் ஒரு தடவை படித்தான், இன்னொரு தடவை படித்தான். சினேகிதன் கஷ்டம் மனசில் ஏறவே இல்லை. இவன் இங்கிலீஷ் எப்படி இப்படி இருக்கிறது என்பதுதான் ஏறிற்று. வேலை போய் நடுத்தெருவில் நிற்கிறவன் அவன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் நான். அப்படியும் அவன் பாஷைதான் உசத்தி! துரை இதைப் படித்தால் மனம் இளகிவிடும். அது பெரிதில்லை. இதைப் படித்த கண்ணால் நாளைக் காலையில் நான் எழுதினதைப் படிப்பாரே!

மனுவை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினான்.

ஜெயகரன் மறுநாள் வந்து கேட்டான். துரைக்கு வேலை அதிகம் என்றான் தாமோதரன். அடுத்த நாளும் வந்தான். துரை பெங்களூர் போயிருக்கிறார் என்றான். இப்படியே ஒன்பது நாள். இதற்கு நடுவில் ஜெயகரன் வராத நேரத்தில் தாமோதரன் டிராயரைத் திறந்து அந்த மனுவிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துத் தன் ரிப்போர்ட்டில் செருகிப் பழகிக்கொண்டிருந்தான். ஒரு நாள் துரை புருவத்தை உயர்த்தி, நல்ல வாக்கியம் என்றார்.

பத்தாம் நாள் ஜெயகரன் உள்ளேயே வந்தான். இளைத்திருந்தான். சட்டை அழுக்காயிருந்தது.

"படிச்சாரா தாமு?"

இனியும் இழுக்க முடியாது. "படிச்சாரு," என்றான் தாமோதரன்.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கீழ வெச்சுட்டாரு."

ஜெயகரன் எதிரில் கிடந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தான். அப்புறம் சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தான். மனு எழுதுவதற்கு முன்னால் எழுதிப் பார்த்த நகல் அது. கசங்கி, வியர்வையில் ஈரமாகி இருந்தது. அதை மேசைமேல் விரித்து, பென்சிலையும் எடுத்து அதன்மேல் வைத்தான்.

"அப்ப நான் எழுதினதுலதான் கோளாறு. மனசுல கீறது சரியா வரல. நானும் என் இங்கிலீஷை ரொம்ப நம்பிட்டேண்டா. நீ பாரு தாமு. தினமும் துரைகிட்ட பேசறவன் நீ. அவருக்கு எது புடிக்கும், எது புடிக்காதுன்னு உனுக்குத் தெரியும். எங்க தப்பு கீதுன்னு காட்டு. வேற எழுதிக் குடுக்கறேன்."

இந்த ஊருக்கு வந்த நாளாகத் தாமோதரன் ஆசைப்பட்டது வெயிலுக்கு என்றுதான் அவனே நினைத்திருந்தான். இப்போதுதான் தெரிந்தது, அவன் ஆசைப்பட்டது இதற்கு. ஜெயகரன் தலை குனிந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறான், இவனிடம் கேட்கிறான், இங்கிலீஷ் கேட்கிறான். உள்ளே எங்கேயோ வெட்கமாகத்தான் இருந்தது. டிராயரைத் திறந்து, இந்தா உன் மனு, நான் கொடுக்கவே இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷம் வந்தது, அவன் எதிரிலேயே நின்றது, போயும் போயிற்று.

பென்சிலை எடுத்தான். தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வாத்தியார் மாதிரி நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, வரி வரியாகக் கீழே இறங்கினான். இருந்ததிலேயே அழகான வரி எதுவோ அதன்மேல் வந்து நின்றான். அந்த வரி அவனுக்கு இப்போது தலைகீழ்ப் பாடம்.

"தோ, இங்க," என்று அதன்மேல் ஒரு கோடு கிழித்தான்.

ஜெயகரன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். எந்தத் தப்பும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினான்.

"ஆமாம், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நல்லவேளை காட்டின," என்றான்.

தாமோதரன் பென்சிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த வரியையும் திருத்தினான்.